வெளிநாட்டுப் படிப்பும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(மும்பை தாராவியில், சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து படிக்க என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் பேச வேண்டுமென மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நம் மாணவர்கள் இப்படிக் கேட்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. தோல் பதனிடவும், ஆலையில் நூல் நூற்கவும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், தெருத் தெருவாக இட்லிக் கூடை சுமக்கவும் இந்த நகரத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று லண்டனையும் பெர்லினையும் நியூயார்க்கையும் பற்றி விசாரிக்கிறார்கள்.

"இதெல்லாம் பணக்காரன் வீட்டுக் கதை; நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. "கடனை உடனை வாங்கி அனுப்பிவிட்டால் போதும், பையன் டாலரில் அள்ளிவிடுவான்" என்று எண்ணுபவர்களும் உண்டு. இரண்டு எண்ணத்தையும் நாம் ஏற்கவில்லை. நம் பிள்ளைகள் போக வேண்டும். ஏமாறாமல் போக வேண்டும். பாதியில் திரும்பாமல் படித்து முடிக்க வேண்டும். இதற்கான ஆயத்தம் விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாதத்தில் தொடங்குவதில்லை. அது பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை எழுதும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சொந்த ஊர் ஒரு மாநிலத்திலும் வாழ்வு வேறொரு மாநிலத்திலும் என்றிருக்கிற நமக்கு, இது மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகப் பொருந்தும். இன்று நாம் சொல்ல வந்தது இதுதான்.

பரேலிலிருந்து போன மாணவர்

இந்த நகரத்தின் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து கடல் கடந்து படிக்கப் போன முன்னோடி யார்? அண்ணல் அம்பேத்கர். பரேலில் இரண்டு சிறிய அறைகள் கொண்ட சால் வீட்டில் வாழ்ந்தவர். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தொகை மாதம் பதினொன்றரை பவுன். காலம் மூன்று ஆண்டு. படித்து முடித்ததும் பத்தாண்டு பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

1916இல் அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகையின் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. அறிவுக்குக் குறைவா? உழைப்புக்குக் குறைவா? இல்லை, பணத்தின் தவணைதான் முடிந்தது. புத்தகப் பெட்டிகளைத் தனிக் கப்பலில் அனுப்பினார். உலகப் போர்க் காலமாதலால் அது தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

பிறகு அவர் என்ன செய்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தார். பம்பாய் சைடனம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். பார்சி நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

மாமேதைக்கே இந்தப் பாடு என்றால் சாதாரண மாணவனுக்கு என்ன வழி? கைப்பணம் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு வேண்டும். நின்றுபோனால் திரும்பச் சேர என்ன வழி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தோள் கொடுக்க நாலு பேர் வேண்டும். புறப்படும் முன்பே இவை கைவசம் இருக்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு மூன்று பெயர்

இனி நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். முருகன் என்பவருக்குச் செல்வி என்று ஒரு மகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அவள் மு. செல்வி. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொன்னது. அந்த மரபில் வந்த நாம் பெயருக்குப் பின்னால் வால் வைப்பதில்லை. ஆனால் மும்பைப் பள்ளியில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? ஒரு வீட்டில் தாத்தா பெயர், ஒரு வீட்டில் ஊர்ப் பெயர், ஒரு வீட்டில் ஊரில் விட்டுவிட்டு வந்த அதே சாதிப் பெயர்!

முடிவில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று செல்வி மூன்று பேராகிவிடுகிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதையே குடும்பப் பெயராக வைத்துவிட்டு, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." என்று மூன்றெழுத்துப் போடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அங்கே "தெரியவில்லை" என்றாகிவிடுகிறது.

இனிஷியலை விரித்துத் தந்தை பெயரைக் கடைசியில் எழுதுவதா, வேறு விதமா என்பதை வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிறகு எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்து, அதே வரிசை. மதிப்பெண் பட்டியலில் பிழை இருந்தால் பள்ளி வழியாகத் தேர்வு வாரியத்துக்கு எழுத வேண்டும். பெயரையே மாற்றுவதென்றால் மாநில அரசிதழில் வெளியிட வேண்டும். இவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஆகவே கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டும் அப்போதே எடுக்க வேண்டியதுதான். பத்தாண்டு செல்லுபடியாகும் 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். வாடகைக் கோலியில் இருப்பவர்கள் முகவரிச் சான்றை ஒழுங்கு செய்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீடு மாறியிருந்தால் மறுபடி அலைச்சல்தான்.

அங்குமில்லை, இங்குமில்லை

அடுத்தது சாதிச் சான்றிதழ். வெளிமாநிலத் தமிழர்களின் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

1990இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு இந்த மும்பையிலுள்ள மருத்துவக் கல்லூரியைப் பற்றியது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலிலிருந்த குடும்பத்து மாணவர். தந்தையின் வேலை காரணமாக இங்கே வளர்ந்தவர். பழங்குடி இடத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று அறிவிக்கப்பட்டவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தப் புது மாநிலத்தில் அப்படிக் கருதப்பட மாட்டார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயிலேறினால் தீண்டாமை இறங்கிவிடுகிறதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் இதுவாக இருக்கும்வரை, நம் காகிதங்களை இதற்கேற்ப அமைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினருக்கான எல்லைக்கோடு 1950 ஆகஸ்ட் 10. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரமும் இருந்து, சாதியின் பெயர் இந்த மாநிலப் பட்டியலிலும் இருந்தால், இங்கேயே சான்று கேட்கலாம். அதற்குமேல் சரிபார்ப்புக் குழுவின் செல்லுபடிச் சான்றும் வாங்க வேண்டும். தாத்தாவின் பழைய பள்ளிப் பதிவு, ஆலை வேலைச் சீட்டு, வாடகை ரசீது எதையும் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

அந்த நாளுக்குப் பின் வந்தவர்களுக்கு வேறு வழி. தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சாதிச் சான்றைக் காட்டினால், பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே குடிபெயர்ந்தோர் படிவத்தில் சான்று வழங்க மத்திய அரசின் விதி இடம் தருகிறது. அந்தச் சான்று மத்திய அரசின் சலுகைகளுக்கு உதவும். மகாராஷ்டிர அரசின் சலுகைகளுக்கு உதவாது. ஆக, தந்தையின் சான்றுதான் ஆணிவேர். அம்மன் கொடைக்கு ஊருக்குப் போகும்போது தாலுகா அலுவலகத்துக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். கொடை அடுத்த ஆண்டும் வரும்; விண்ணப்பத்தின் கடைசித் தேதி திரும்ப வராது.

கிறித்துவக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறித்துவருக்கு இல்லை. இந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் சாதிச் சான்று கேட்காத உதவித்தொகைகளை இப்போதிருந்தே குறிவைக்க வேண்டும்.

யார் பணம் தருகிறார்கள்?

பட்டியல் சாதியினருக்கென மத்திய அரசு நடத்தும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இல் தொடங்கியது. சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் இதில் சில இடங்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் மொத்தம் 125 இடம். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. முப்பது விழுக்காடு பெண்களுக்கு. வயது 35க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகம், நிபந்தனையில்லாத சேர்க்கைக் கடிதம் என்பவை அண்மைய விதிகளின் சாரம். "இந்தத் தேர்வில் இத்தனை மதிப்பெண் வந்தால் சேர்த்துக்கொள்வோம்" என்று எழுதியிருந்தால் அது நிபந்தனைக் கடிதம், போதாது.

இத்தனை பெரிய நாட்டுக்கு 125 இடம்! அதிலும் 2022இல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்க இந்தப் பணம் கிடையாது என்றார்கள். 1916 மே 9ஆம் நாள் கொலம்பியாவில் இளைஞர் அம்பேத்கர் படித்த ஆய்வுரை இந்தியாவில் சாதிகளைப் பற்றியது. இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால், அந்த ஆராய்ச்சிக்கு உதவித்தொகை இல்லை என்று கைவிரித்திருப்பார்கள். அவர் பெயரைச் சொல்லி விழா எடுப்போர் இதற்கு விடை சொல்லட்டும்!

வேறு கதவுகளும் உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைப் படிப்புக்கானது; இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும்; முடித்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகை, ஜெர்மனியின் டாட், ஐரோப்பிய நாடுகளின் எராஸ்மஸ் முண்டுஸ் ஆகியவையும் உள்ளன. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. 2024 செப்டம்பர் முதல், ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். 2022 நவம்பர் முதல் நம் நாட்டுச் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்னும் அலுவலகம் சரிபார்த்துத் தந்த தாளும் கட்டாயமாகிவிட்டது.

ஏஜெண்டும் கடனும்

சந்துக்கொரு கன்சல்டன்ட் போர்டு தொங்குகிறது. "எங்கள் சேவை இலவசம்" என்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகள் பல, ஆள் சேர்த்துத் தருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. அவர் காட்டும் கல்லூரி உங்கள் பிள்ளைக்கு ஏற்றதா, அவருக்குக் கமிஷன் தருவதா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

2023இல் கனடாவில் பஞ்சாப் முதலிய இடங்களிலிருந்து போன மாணவர்கள் பலர் நாடு கடத்தும் நடவடிக்கையை எதிர்கொண்டு தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஏஜெண்ட் வாங்கிக் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலி என்று அப்போதுதான் தெரியவந்தது. ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்ததும், பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ முகவரியைத் தேடி எடுத்து, மாணவரே நேரில் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்ப வேண்டும். ஏஜெண்டின் கையில் கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க எண்ணும் வீடுகள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 2018 முதல் அதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், முழுவதும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும். பிறகு 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து இங்கேயும் தேர்வெழுதித் தேற வேண்டும். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவர் அந்தத் தேர்வை எழுத மாட்டார். 2022இல் உக்ரைன் போரின்போது ஆயிரக்கணக்கான நம் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்ததையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லை. அதற்கு மேல் சொத்து ஈடு. பெரும் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களுக்குச் சில வங்கிகள் ஈடின்றியும் தருகின்றன. போட்டோ பாஸ் உள்ள நம் வீட்டை வங்கி ஈடாக ஏற்காது. உடனே சிலர் வட்டிக்காரரிடம் ஓடுகிறார்கள். வேண்டாம்! மாத வட்டிக்கு வாங்கிய பணத்தில் போன பிள்ளை, படிக்க வேண்டிய நேரத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும். படிக்கும்போது இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று விசாவில் வரம்பு உண்டு. மீறினால் விசாவே போய்விடும்.

இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒருநாள் கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டும் வித்தை அங்கே செல்லாது.

எப்போது எதைச் செய்வது?

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு: பெயர், பாஸ்போர்ட், தந்தையின் சான்று, பிள்ளையின் சான்று. அதே ஆண்டில் இரண்டு பேராசிரியர்களுக்காவது உங்கள் முகமும் உழைப்பும் தெரிந்திருக்க வேண்டும். நூறு பேர் உட்காரும் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, கடைசி மாதம் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்டால் அவர் என்ன எழுதுவார்?

இறுதி ஆண்டின் தொடக்கம்: ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டின் மதிப்பெண்ணும் இரண்டாண்டுதான் செல்லும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் அஞ்ச வேண்டாம்; நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளேட்டை உரக்கப் படித்து, அரைப் பக்கம் சொந்தமாக எழுதினால் ஓராண்டில் வித்தியாசம் தெரியும். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு ஏற்பதில்லை. இதை முதலிலேயே விசாரியுங்கள்.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை விண்ணப்பக் காலம். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடுவது வழக்கம். அமெரிக்காவில் டிசம்பர், ஜனவரியில் பலவும் மூடிவிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை கடன், விசா, இங்கிலாந்து செல்வோருக்குக் காசநோய்ப் பரிசோதனை.

விண்ணப்பக் கட்டுரை பற்றி ஒரு சொல். நம் வறுமையைப் படம் பிடித்துக் காட்டி இரக்கம் தேடாதீர்கள். தண்ணீர்க் குழாயடியில் வரிசை நின்றது ஒரு செய்தி. அந்த வரிசையைப் பார்த்து நகரத்தின் நீர்ப் பங்கீட்டைப் படிக்க எண்ணியது ஒரு காரணம். பல்கலைக்கழகம் கேட்பது காரணத்தை. நம் பிள்ளைகளிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

பெற்றோர்களே, மகளை அனுப்பத் தயங்காதீர்கள். பெண்களுக்கென ஒதுக்கிய இடத்தை நாமே காலியாக விட்டுவிடலாகாது.

சங்கம் செய்ய வேண்டியவை

தனியாகப் போனால் ஏஜெண்டிடம் போய் நிற்போம். சேர்ந்து நின்றால் ஏஜெண்டே தேவையில்லை. ஆகவே மூன்று வேலைகளைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகித நாள்: பெயர்ப் பிழை, சாதிச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம் ஆகியவற்றைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து தெரியாதவர்களுக்குப் பூர்த்தி செய்து தருவது. ஏற்கெனவே வெளிநாடு சென்று படித்தவர்கள், புதியவர்களின் கட்டுரையைப் படித்துத் திருத்துவது. தேர்வுக் கட்டணத்துக்கென ஒரு சிறு நிதி: சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல, பயன்பெற்றவர் வேலைக்குப் போனதும் அதே தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கூடவே மூன்று கோரிக்கைகள். தமிழ்நாட்டு அரசு தன் அயல்நாட்டுக் கல்வி உதவியில் வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும் தந்தையின் ஊரை வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிர அரசு, இந்த மண்ணில் பிறந்து இங்கேயே பள்ளிப் படிப்பு முழுவதையும் முடித்தவர்களை 1950ஐக் காட்டித் தள்ளக் கூடாது. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு விதியைத் திரும்பப் பெற்று, 125 என்னும் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே! லண்டனிலிருந்து திரும்பிய அம்பேத்கர், 1946இல் இதே நகரத்தில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். ஏழைகளும் வேலைக்குச் செல்பவர்களும் படிக்க வேண்டும் என்று எண்ணி அதை நடத்தினார். நீங்கள் கல்லூரி கட்ட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. போகும் நாட்டிலேயே வேலை கிடைத்துத் தங்கினாலும் குறை சொல்ல மாட்டோம். அடுத்து வரும் பிள்ளையின் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்க மாதம் ஒரு மாலையைக் கொடுங்கள். நீங்கள் ஏறிய படியை எடுத்துவிடாதீர்கள்.

முதல் காகித நாளுக்குத் தந்தையின் சாதிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றையும் எடுத்து வாருங்கள். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றைக்கு முதலில் பார்ப்போம்.